வெற்றுச் சீட்டு யாரிடம்?

செங்காங் தொடக்கப்பள்ளி ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வரும் பதினான்கு பேரும் நான்கு வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள். தமிழ் நேரத்துக்கு மட்டும் ஒன்றுசேர்வார்கள். மணி அடித்ததும் பறந்துவிடுவார்கள். மதுரையிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து ஒரு மாதமே ஆன சிறுமி கடைசி மேசையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். “ஊருக்கே போயிடலாம்னு தினமும் அழறா டீச்சர்” என்று அவள் அம்மா சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

அதனால் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தேன். ஆளுக்கொரு சீட்டு. ஒன்று மட்டும் வெற்றுச் சீட்டு, மற்றவற்றில் ஒரே சொல். சொல்லை வெளியே விடாமல் குறிப்புச் சொல்ல வேண்டும். பிறகு வெற்றுச் சீட்டு யாரிடம் என்று கூடிப் பேசிக் கண்டுபிடித்தால் வகுப்பே ஜெயிக்கும்.

நான் எழுதிய சொல் ‘வாய்ட் டெக்’. அரசாங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காலியாகக் கிடக்கும் தளம்.

“பூனை தூங்கும்.” “கல்யாணம் நடக்கும்.” “பந்து விளையாடினா திட்டுவாங்க.”

அவள் முறை வந்தது. “நல்லா இருக்கும்” என்றாள்.

“இவதான் லா!” எல்லா விரல்களும் அவள் பக்கம் திரும்பின. அவள் சீட்டைத் திருப்பிக் காட்டினாள். சொல் இருந்தது. கண்ணும் கலங்கியிருந்தது. காண்டோ என்னும் தனியார் அடுக்ககத்தில் குடியிருக்கும் பிள்ளைக்கு வாய்ட் டெக் எப்படித் தெரியும்? என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

மறுநாள் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவளிடமே கொடுத்தேன். நானும் ஒரு சீட்டு எடுத்தேன். அதில் ‘ஷேர் ஆட்டோ’ என்றிருந்தது. பிள்ளைகள் என்னென்னவோ உளறினார்கள். எனக்குத் தெரியாதா என்ற மிதப்பில், “சீட் பெல்ட் போட்டுக்கணும்” என்றேன்.

“டீச்சர்தான்!” முதல் விரல் அவளுடையது. என் சீட்டைத் திருப்பியதும், “அதுல பெல்ட்டே கிடையாது டீச்சர்!” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பதினான்கு பேருக்கு முன்னால் ஒன்றும் தெரியாதவளாக நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாக உறைத்தது.

“அப்படின்னா எப்படிப் போவீங்க?” என்றான் ஒருவன்.

அவள் நான்கு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு ஒன்பது பேரைத் திணித்தாள். முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஹாரன் அடித்தாள். “தள்ளி உக்காருங்க, இன்னும் ஒருத்தர் வரலாம்! டீச்சர், ஏறுங்க!”

ஏறினேன். மணி அடித்தது. யாரும் இறங்கவில்லை.