சர்வேயருக்காக வெள்ளையடித்த கொட்டகை

கிணத்துக்கடவில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நான் நைட்டி தைக்கும் தொழில் நடத்துகிறேன். ஒரு சாயங்காலம் அடித்த காற்று கூரையைக் கழற்றிப் பக்கத்துத் தோப்பில் வைத்துவிட்டுப் போனது. பின்னாலேயே வந்த மழை, தையல் மெஷின்களையும் துணிக்கட்டுகளையும் நிதானமாக நனைத்தது. நான் அழவில்லை. இன்சூரன்ஸ் இருக்கிறதே! வருடம் தவறாமல் கட்டியவளை ஓடிவந்து தாங்குவார்கள் என்று நம்பினேன். அப்போது எனக்கு அனுபவம் போதாது.

கவலையெல்லாம் என் தையல்காரியைப் பற்றித்தான். அந்தியூரிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் இல்லை, இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். கொட்டகை மூடியிருந்தால் அவளுக்கு மிச்சம் பல்லடம் பக்கத்துப் பனியன் கம்பெனி வேன்தான். விடியுமுன் ஏற்றிக்கொண்டு போய், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும்.

"அக்கா, நீங்க தொறக்கற வரைக்கும் பொறுத்துக்கறனுங்க. அதுல போனா புள்ளை முழிச்சிருக்கறதையே பாக்க முடியாதுங்க" என்றாள்.

சீக்கிரம் திறந்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்காக வெள்ளகோவில் போய் இரண்டு நாள் இருந்தேன். திரும்பி வந்தால் கொட்டகை பளபளவென்று இருக்கிறது. புதுக் கூரை, புது வெள்ளை. ஊறிப்போன துணியெல்லாம் குப்பைவண்டியில் போயாயிற்று. மெஷின்களைத் துடைத்து, பொட்டுவேறு வைத்திருந்தார் என் கணவர்.

"என்னங்க இது?"

"நாளைக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் வாராருங்கறாங்க, அம்மணி. கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தர் நம்மூட்டுக்கு வாரப்போ அலங்கோலமாவா வெச்சிருக்கறது?"

இப்படி ஒரு மனிதரோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

சர்வேயர் வந்தார். இரண்டு இளநீர் குடித்தார். வெள்ளையடித்த சுவரைப் பார்த்தார், "கொட்டகையை நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். கணவருக்கு முகமெல்லாம் பல். சில வாரம் கழித்து, பாதிப்பு ஏதும் தென்படவில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. மெஷின்களோ உள்ளே துருப்பிடித்து ஓடவில்லை; புதிது வாங்க அந்தப் பணம் வந்தாக வேண்டும். அன்றைக்கு நான் அவருக்குச் சோறு போடவில்லை.

பிறகு காந்திபுரத்தில் ஒரு க்ளெய்ம் கன்சல்டன்ட்டைப் பிடித்தோம். கம்பெனியோடு நம் பக்கம் நின்று வாதாடுவார். கிடைப்பதில் அவருக்கு ஒரு பங்கு. ஓய்வுபெற்ற சர்வேயர். காலமெல்லாம் அடுத்தவர் க்ளெய்மை வெட்டிய கத்தியை இனி எங்களுக்காகத் தீட்டுவதாகச் சொன்னார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

கொட்டகையைப் பார்த்ததும் அந்த மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, நஷ்டத்தைப் பாக்க வாரவருக்கு நஷ்டத்தைக் காட்டோணுமுங்க. பொண்ணு பாக்க வாராப்பல ஜோடிச்சுப்போட்டீங்களே!"

அதன்பின் எங்கள் பிழைப்பு, துடைத்த நஷ்டத்தைத் தேடிப் பிடிப்பது. பழைய இரும்புக் கடைக்குப் போட்ட தகரத்தையே கெஞ்சி வாங்கிவந்தோம். காற்றடித்த அன்று தோப்புக்காரர் செல்போனில் எடுத்த வீடியோவுக்காக அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தோம். மெஷினைப் பிரித்துத் துருவைக் காட்ட மெக்கானிக் வர வேண்டும். அவர் ஆடியில் வருகிறேன் என்று ஆவணியில் வந்தார். தையல்காரி வாரம் தவறாமல் போன் செய்து, "எப்பங்க்கா தொறக்கறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி சர்வேயர் வந்தபோது, என் கணவர் கையில் துடைப்பம் கிடைக்காதபடி நான் ஒளித்துவைத்தேன். கன்சல்டன்ட்டும் சர்வேயரும் பழைய சிநேகிதர்களாம். சர்க்கரை மாத்திரையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள், துருவை ஐந்து நிமிடம் பார்த்தார்கள். க்ளெய்ம் பாஸாகிவிட்டது.

சேதி வந்ததும் தையல்காரிக்குத்தான் முதலில் போன் போட்டேன். பின்னால் ஒரே மெஷின் இரைச்சல்.

"பனியன் கம்பெனியில சேந்துட்டனுங்க்கா. அட்வான்ஸ் வாங்கிப்போட்டேன், நடுவுல நிக்க முடியாதுங்க. நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லலீங்க."

அவளே தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சாயங்காலத்துல புள்ளை உங்கூட்ல இருக்கட்டுங்களா? நான் வர நேரமாயிருதுங்க."

அனுப்பச் சொன்னேன். புது மெஷின்கள் வந்து இறங்கிவிட்டன. உட்கார இன்னும் ஆள் அமையவில்லை. ஒன்றின் பலகைமேல் நோட்டை விரித்து அந்தக் குழந்தை வீட்டுப்பாடம் எழுதுகிறாள். எட்டு மணிக்குமேல் அவள் அம்மா வந்து, தூங்கிப்போனவளைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறாள்.