போரான் பதினொன்று

வேலூரில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த நான்காம் ஆண்டில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

நியூட்ரான்களுக்குக் கண்ணாடி செய்வது என் வேலை. இரும்பும் சிலிக்கானும் மாறி மாறி, கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலங்களாக நூற்றுக்கணக்கில் பூச வேண்டும். ஒரு திசையில் சுழலும் நியூட்ரான்களை அது திருப்பி அனுப்பும். மற்றவற்றை ஊடே போக விடும். ஆனால் இரண்டு படலங்கள் சேரும் இடம் கரடுமுரடாகிவிடும். கொஞ்சம் போரான் கார்பைடு சேர்த்தால் வழவழப்பாகும். அதிலும் சாதாரண போரான் உதவாது. அதில் கலந்திருக்கும் ஒரு வகை நியூட்ரானை விழுங்கிவிடும். விழுங்காத வகைக்குப் போரான் பதினொன்று என்று பெயர். அதுதான் வேண்டுமென்று தடித்த எழுத்தில் கேட்டிருந்தேன்.

வந்த பெட்டியின் சான்றிதழில் பதினொன்று இல்லை. கொள்முதல் அலுவலரிடம் ஓடினேன்.

“போரான்னா போரான்தானேம்மா? இதுல இன்னா வித்தியாசம்?”

என் அப்பா ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கிறவர். “ஆட்டுத்தோல் கேட்டவங்களுக்கு மாட்டுத்தோல் குடுத்தா எங்க ஊர்ல வாங்கிக்குவாங்களா சார்?” என்றேன். அலுவலர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

என் பேராசிரியரோ, அணு உலையில் சோதனைக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்றார். “பேஜார் பண்ணாதம்மா. இத வெச்சே போடு.”

போட்டேன். எக்ஸ்ரேயில் பார்த்தபோது படலங்கள் அவ்வளவு வழவழப்பு. உலையில் வைத்ததும் நான் பயந்ததே நடந்தது. திரும்பி வர வேண்டிய நியூட்ரான்களில் ஏராளமானவை கண்ணாடிக்குள்ளேயே காணாமல் போயின.

அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் பேராசிரியர் சோதனை அறிக்கையின் ஒரு வரியைத் திரையில் காட்டினார்: ‘தோல்விக்குக் காரணம், மாணவியின் கவனக்குறைவு.’

எழுந்தேன். என் கோரிக்கையின் நகலையும் சான்றிதழையும் மேசைமேல் வைத்தேன். “யாரோட கவனக்குறைவுன்னு இதப் படிச்சிட்டு சொல்லுங்க சார்.”

“உக்காரும்மா, அப்புறம் பேசலாம்” என்றார் கூட்டத் தலைவர்.

“படிங்க சார், உக்கார்றேன்.”

கடைசியில், வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் ஒருவர் தாள்களை எடுத்துப் படித்தார். “இந்தப் பொண்ணு சரியாத்தான் கேட்டிருக்கா” என்றார். பேராசிரியர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

ஆறு மாதம் கழித்துச் சரியான பொருள் வந்தது. அதே அளவுகளில் நான் செய்த கண்ணாடி அருமையாக வேலை செய்தது. அறிக்கையையும் திருத்தினார்கள். எப்படித் தெரியுமா? ‘மாணவியின்’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, ‘கவனக்குறைவு’ என்பதை அப்படியே விட்டார்கள். அது யாருடையது என்று இன்றுவரை ஒருவரும் எழுதவில்லை.