நேர்காணலுக்கு முந்தின நாள் குற்றாலத்தில்

குற்றாலத்துக்கு எல்லோரும் குளிக்கப் போவார்கள். நான் அங்கே பழகியது ஆங்கிலம் பேச. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் நான். அயர்லாந்தில் வேலைக்கு விண்ணப்பித்து, முதல் வீடியோ நேர்காணலில் கோட்டை விட்டேன். கேட்டதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நான் வாயைத் திறந்தாலே எதிரே இருந்த அம்மையார் "சாரி?" என்று காதைத் திரையருகே கொண்டுவந்தார். இரண்டாவது வாய்ப்பு இந்த ஜூலையில், ஒரு வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. இதுவும் போனால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். என் கணவரோ நான் விமானம் ஏறிவிட்ட மாதிரியே சொந்தக்காரர்களிடம் பேசி வைத்திருந்தார். வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஓயாத டிவி. அங்கிருந்து பேசினால் உருப்படாது என்று, நர்ஸிங் கல்லூரியில் கூடப் படித்த ஸ்டெல்லா வீட்டுக்குத் தென்காசி கிளம்பினேன். அவள் இப்போது கணவரோடு பாத்திரக்கடை நடத்துகிறாள். கடைக்கு மேலேயே வீடு.

புதன் காலை ஏழு மணி சுமாருக்குச் செங்கோட்டை பாசஞ்சர். டிக்கெட் 45 ரூபாய், பத்தரைக்குத் தென்காசி. வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், ராஜபாளையம் தாண்டியும் மலை கூடவே வரும். நான் பார்க்கவில்லை. உச்சரிப்பு வீடியோவைப் போட்டு உதட்டை அசைத்துக்கொண்டே வந்தேன். எதிரே இருந்த பெரியவர் சிவகாசியிலேயே வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

மனப்பாடம் செய்த பதிலை ஸ்டெல்லாவிடம் ஒப்பித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"வார்த்தையெல்லாம் சுத்தமாத்தாம்ட்டி வருது. ஆனா கிளம்புத பஸ்ஸப் பிடிக்க ஓடுதவ மாதிரில்லா பேசுதே."

"நிறுத்துனா அடுத்த வார்த்தை மறந்துரும்டி."

"மறந்தா மறக்கட்டும். வா, போய்க் குளிச்சிட்டு வருவோம். தலைச் சூடாவது இறங்கும்."

எனக்குக் கோபமாக வந்தது. விடிந்தால் நேர்காணல், இவளுக்குக் குளியல் கேட்கிறது. அவள் துண்டை எடுத்துவிட்டாள், அப்புறம் அவளோடு பேசிப் பயனில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார். "சீசன்ல இதாங்க்கா ரேட்டு, இறக்கிவிட்டுட்டுச் சும்மால்லா திரும்பி வரணும்" என்றார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அதிலேயே போனோம்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. வார நாள் என்பதால் பேரருவியில் பெண்கள் பக்கம் கால்மணி நேர வரிசைதான். தண்ணீர் மண்டையில் இடிக்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. யாருக்கும் கேட்காது என்றதும் துணிச்சல் வந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நாளைய பதிலை உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு வரி முடிவதற்குள் மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, இருமித் தள்ளினேன். பக்கத்தில் நின்ற பெண் என் முதுகைத் தட்டினாள். என்னைவிடச் சின்னவள், வடகரையிலிருந்து வந்தவளாம். என் காதருகே கத்தினாள்.

"எக்கா, என்ன மந்திரம் சொல்லுதிய?"

"இங்கிலீஷ். நாளைக்கு இன்டர்வியூ."

"பேசணும்னா குனிஞ்சுகிட்டுப் பேசுங்க. இல்லன்னா தள்ளி நில்லுங்க, நாங்களும் குளிக்கணும்லா."

குனிந்தேன். பிடரியில் தண்ணீர் விழ, முகத்துக்கு முன்னால் கொஞ்சம் காற்று கிடைத்தது. அந்தக் காற்றுக்கு நாலைந்து வார்த்தைதான் கட்டுப்படியாகும். சொல்லி, நிறுத்தி, மூச்சு எடுத்து, அடுத்த நாலைந்து. இப்படியே முழுப் பதிலையும் சொல்லி முடித்தேன். நிறுத்தியும் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. வேகமாகப் பேசினால்தான் நல்ல இங்கிலீஷ் என்று எனக்கு யார் சொல்லிவைத்தார்களோ தெரியாது. அங்கேயே இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்த பிறகுதான் ஸ்டெல்லா இழுத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் பிற்பகல் இரண்டு மணி. திரையில் அதே அம்மையார். கீழே கடையில் யாரும் பாத்திரத்தை உருட்டக் கூடாது என்று ஸ்டெல்லா உத்தரவு போட்டிருந்தாள். முதல் கேள்விக்கு என் வாய் பழையபடி ஓட ஆரம்பித்தது. சட்டென்று கொஞ்சம் தலை குனிந்து மூச்சு எடுத்தேன். டயாலிசிஸ் நடக்கும்போது நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நான் தினமும் செய்கிற வேலை. ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் ஒரு தடவைகூட "சாரி?" என்று கேட்கவில்லை. முடிவு மாலையில் மெயிலில் வரும் என்றார்.

காத்திருக்கிற நேரத்தில் நகம் கடிப்பதற்குப் பதிலாக உங்களுக்கான குறிப்புகளை எழுதினேன். ஜூலையில் போங்கள், சனி ஞாயிறு வேண்டாம். வெள்ளம் கூடினால் குளிக்க விடமாட்டார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். சோப்பு, ஷாம்பு அருவியில் கூடாது. குற்றாலத்து லாட்ஜ்களில் சீசனில் சத்தம் அதிகம், அமைதி வேண்டுமென்றால் தென்காசியில் தங்குங்கள், எண்ணூறு ரூபாயிலிருந்து அறை கிடைக்கிறது. அங்கே விற்கிற மங்குஸ்தான் பழத்தில் ஒன்றை உடைத்துப் பார்த்து வாங்குங்கள். என்னைப் போலப் பேச்சில் ஓடுகிற ஆளாக இருந்தால், உச்சரிப்பை அப்புறம் பார்க்கலாம், முதலில் மூச்சைப் பாருங்கள்.

ஆறு மணிக்கு மெயில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கணவருக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"என்ன, விட்டு விட்டுக் கேக்குது? அங்க டவர் இல்லையா?" என்றார்.

டவரெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.