குசுமலதா நின்றபடி சொன்ன கடிதம்

குசுமலதா அக்காவின் வேலை போனது ஒரு சிவப்பு அட்டையால். அந்த வேலை திரும்பக் கிடைக்காமல் போயிருந்தால் காரணம் நானாக இருந்திருப்பேன்.

முதலில் அட்டை. கொழும்புக்கு அருகே கட்டுநாயக்க ஏற்றுமதித் தொழில் வலயத்தில் அவர் சட்டைக் காலர் தைத்த தொழிற்சாலையில், ஆறாவது லைனில் நாற்பத்திரண்டு பெண்கள், கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு அட்டை. சூப்பர்வைசர் மேசையருகே ஆணியில் தொங்கும். போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவாள். அவள் திரும்பும்வரை மற்றவர்கள் ஆணியைப் பார்த்துக்கொண்டே தைப்பார்கள். பிபிலையிலிருந்து ஒரு பை தோடம்பழத்தோடு பத்தொன்பது வயதில் வந்த குசுமலதா அக்காவும் பன்னிரண்டு வருடம் அந்த ஆணியைப் பார்த்தவர்தான். ஒரு நாள், ஏழு மாதக் கர்ப்பிணியான நிரோஷா ஒரே மணி நேரத்தில் இரண்டாம் முறை நெளிந்தபோது, தன் முறைக்கு எடுத்த அட்டையை அவள் கழுத்தில் மாட்டிவிட்டு, அட்டை இல்லாமலே தானும் போய்விட்டார். திரும்பி வந்தபோது அவருடைய மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். பதினான்கு நாளுக்குள் தொழில் அலுவலகத்தில் விளக்கம் தராவிட்டால், அவராகவே விலகியதாக எடுத்துக்கொள்வார்களாம்.

விளக்கம் எழுதுவது என் வேலை. எங்கள் ஃபாதர் கிளாரன்ஸும், பக்கத்து விகாரையின் பிக்கு விமலசார ஹாமுதுருவும் சேர்ந்து தொழிலாளருக்காக ஓர் உதவிக் குழு நடத்துகிறார்கள். தேவாலயத்துக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு மேசை, எழுத்தராக நான். இருவரும் கையெழுத்திட்ட கடிதத்தை அதிகாரிகள் மேசை இழுப்பறைக்குள் தள்ளுவதில்லை. அதனால் இரண்டு கையெழுத்தும் இல்லாமல் எதையும் அனுப்புவதில்லை.

அக்கா வந்தபோது நான் வழக்கம்போலக் கவிதைப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தேன். பெண்கள் வந்தால் அப்படித்தான் செய்வேன். வாசிப்பதாக நினைத்து மரியாதையாக வெளியே காத்திருப்பார்கள். அக்கா காத்திருக்கவில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, நான் மூத்திரம் போனேன். அதுதான் குத்தம். எழுதிக் குடு."

"அக்கா, இதைக் கொஞ்சம் பெரிசா வச்சுப் பார்க்கணும்."

"பெரிசா வேணாம். அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி நாலு மணிக்குள்ள வேணும்."

நான் பெரிதாகவே பார்த்தேன். மனித உரிமை பற்றி எழுத எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. முதல் வரியிலேயே அதிகாரி கண்கலங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். 'மனிதர் ஒவ்வொருவரும் கடவுளின் சாயல்' என்று தொடங்கினேன். ஃபாதர் தலையாட்டினார். ஹாமுதுரு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"அந்தப் பிள்ளை பௌத்தம். அவ பேருல கடவுளை இழுக்கிறது சரியா? அதோட, 'என் உரிமை, என் உரிமை'ன்னு ஆரம்பிச்சா அந்த 'என்'லயே மாட்டிக்குவோம். துன்பம் இருக்கு, அதுக்குக் காரணம் இருக்கு, அதை நிறுத்தலாம். அங்கிருந்து தொடங்கு மகன்."

தொடங்கினேன். இம்முறை ஃபாதர் பேனாவை மூடினார்.

"துன்பம்னு மட்டும் சொன்னா முதலாளி இரக்கப்பட்டு ஒரு பிஸ்கட் பாக்கெட் குடுப்பான். இது இரக்கம் இல்லப்பா, நியாயம். அவளுக்குச் சேர வேண்டியது."

இருவரும் சொன்னது சரி என்றே எனக்குப் பட்டது. அதுதான் என் வியாதி. யார் பேசினாலும் சரியென்று படும். இரண்டையும் இணைக்க, 'சாயலாயும் சாயலற்றும் நிற்கும் மானுடமே' என்று ஒரு வரி எழுதினேன். கவிதைபோல வரிகளை உடைத்து மூன்று பக்கம் டைப் செய்தேன். தடித்த வெள்ளைத் தாளில். பதின்மூன்று நாள் போயிருந்தது.

பதினான்காம் நாள் வெள்ளி இரண்டு மணிக்குக் கூட்டம். அதற்கு முன் நாற்காலிப் பிரச்சினை வந்தது. ஹாமுதுரு உட்காரும் ஆசனத்தில் வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். அது மற்ற ஆசனங்களைவிடத் தாழ்வாக இருக்கக் கூடாது. ஆனால் சமத்துவம் பேசும் கூட்டத்தில் ஃபாதரை எப்படிக் கீழே உட்கார வைப்பது? இரண்டு நாற்காலியிலும் துணி விரித்தேன். ஒன்று இரண்டு அங்குலம் குட்டை. அதன் கால்களுக்கு அடியில் என் கவிதை இதழ்களை அடுக்கினேன். அந்த இதழ்கள் யாரையாவது உயர்த்தியது அன்று மட்டும்தான். குசுமலதா அக்காவுக்கும் அதே உயரத்தில் ஒரு நாற்காலி போட்டுவிட்டு, பெருமையாகச் சுவரோரம் நின்றேன்.

அக்கா உள்ளே வந்தார், ஹாமுதுருவின் காலடியில் விழுந்து வணங்கினார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, நாற்காலியில உட்காருங்க. இது உங்க உரிமை."

"போ தம்பி! ஹாமுதுரு முன்னால சரிக்குச் சமமாவா? பாவம் சேரும்."

"பாவமில்ல பிள்ளை, உட்காரு," என்றார் ஹாமுதுரு.

"உட்கார்ந்தா எனக்குப் பேச்சு வராது ஹாமுதுருவனே."

வேலை இழந்தவள் தரையில், நியாயம் பேசுகிறவர்கள் மேலே. ஃபாதருக்குப் பொறுக்கவில்லை. "எங்க ஆண்டவர் சீடர்களோட காலையே கழுவினவர்," என்று எழுந்து வந்து அக்காவுக்கு எதிரே தரையில் சம்மணமிட்டார். இப்போது மேலே ஹாமுதுரு தனியாக.

"ஃபாதர், என்னை மட்டும் மேல விட்டுட்டுப் போறது எந்த வேதத்துல இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே அவரும் இறங்கித் தரையில் அமர்ந்தார்.

அவர் அமர்ந்த கணம் அக்கா பதறி எழுந்து நின்றார். அதே தரையில் அவருக்குச் சமமாக எப்படி உட்காருவது? என்னைப் பார்த்து முறைத்தார்.

"எல்லாம் உன்னால! இப்ப நான் எங்க போறது, கூரைக்கா?"

மணி மூன்று. நான் மூன்று பக்கத்தையும் படித்தேன். முடித்ததும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இதுல நான் எங்க இருக்கேன்?"

"மூணாவது பக்கத்துல அக்கா. கடைசிப் பத்தி."

"ஃபாதர்," என்றார் ஹாமுதுரு, "உங்க கடவுள் ஆறு நாள்ல உலகத்தையே முடிச்சார். நாம பதினாலு நாள்ல ஒரு வரி முடிக்கல."

"அவருக்குக் குழு இல்ல, ஹாமுதுருவே. தனி ஆளா செஞ்சார்."

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி, பௌர்ணமிப் போயா நாளில் விகாரைக்குப் பூ என்று பன்னிரண்டு வருடமாக இரண்டு வாசலுக்கும் போகிறவர் அவர். எதையும் எதோடும் இணைத்து எழுத வேண்டிய தேவை அவருக்கு வந்ததில்லை.

"பேனாவை எடு," என்றார். "நான் சொல்றேன். அழகு பண்ணாத."

நின்றபடியே, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துச் சொன்னார். அந்த ஆணியைத்தான் பார்த்திருப்பார் என்று பிறகு தோன்றியது.

"'எங்க லைன்ல நாப்பத்திரண்டு பேர், அட்டை ஒண்ணு. வயித்துப் பிள்ளைக்காரிக்கு அவசரம். அட்டையை அவளுக்குக் குடுத்தேன். எனக்கும் அவசரம், நானும் போனேன். ஆறு நிமிஷத்துல வந்துட்டேன். அந்த நாள் என் கணக்குக் காலர்ல ஒண்ணுகூடக் குறையல. நாளைக்கும் அவளுக்கு அவசரம்னா நாளைக்கும் குடுப்பேன். வேலையைத் திருப்பித் தாங்க. அட்டையை எடுத்துடுங்க.' அவ்வளவுதான். என் பேரை எழுது."

அரைப் பக்கம். கடவுள் இல்லை, துன்பமும் இல்லை. தரையில் உட்கார்ந்தபடியே இருவரும் கையெழுத்திட்டார்கள். எந்தச் சொல்லையும் யாரும் அடிக்கவில்லை. முச்சக்கர வண்டியில் அக்கா முன்னும் நான் பின்னுமாக ஓடி ஏறி, மூன்று ஐம்பதுக்கு அலுவலகம் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்த அதிகாரி அம்மா நிதானமாகப் படித்தார், மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"யார் எழுதினது?" என்று என்னைப் பார்த்தார்.

நான்தான் என்று சொல்ல வாய் திறந்தேன். அதை மறைப்பதில் பயனில்லை.

"நான்தான் சொன்னேன்," என்றார் அக்கா. "இவர் எழுதினது வேற. அது நீளம்."

மூன்று வாரத்தில் வேலை திரும்பக் கிடைத்தது. அட்டையை எடுக்கவில்லை, லைனுக்கு இரண்டாக்கினார்கள். ஃபாதர் அதைத் தொடக்கம் என்றார். ஹாமுதுரு, பாதித் துன்பம் குறைந்தது என்றார். அக்கா, "ரெண்டாவது அட்டைக்கு நூல் போடல, கையில பிடிச்சுட்டுப் போக வேண்டியிருக்கு. அதுக்கும் ஒண்ணு எழுதணும்," என்றார்.

அதைச் சொல்ல ஒரு ஞாயிறு வந்திருந்தார். புத்தகத்தை உயர்த்துவதற்குள் நாற்காலியை இழுத்து, சாய்ந்து உட்கார்ந்தார்.

"இங்க மட்டும் தாராளமா உட்கார்றீங்களே அக்கா?"

"உன் முன்னால உட்கார்ந்தா என்ன பாவம் வரப்போகுது?" என்றபடி பையிலிருந்து சின்னச் சட்டையொன்றை எடுத்தார். நிரோஷாவின் பிள்ளைக்கு. கூடவே, அளவுக்காக வெட்டிய காகிதத் துண்டுகளும் விழுந்தன. தடித்த வெள்ளைத் தாள்.

"அந்த மூணு பக்கத்தை நீ மேசையிலேயே விட்டுட்டு ஓடின. பின்பக்கம் வெறுமையா இருந்துச்சு. நல்ல தாள் தம்பி, கத்தரிக்கு நிக்குது."

காலர்த் துண்டைத் திருப்பிப் பார்த்தேன். என் 'மானுடமே' கழுத்து வளைவில் சரிபாதியாக வெட்டுப்பட்டிருந்தது.

"இன்னும் ரெண்டு அளவு வெட்டணும்," என்றார் அக்கா. "வேற ஏதாவது எழுதி வச்சிருக்கியா?"

இழுப்பறையைத் திறந்து, இருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன்.