மேக்ரோ எழுத ஒருவரைத் தேடியது

காளவாசலில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். எனக்கு வழக்கமாக வேலை கொடுக்கும் வக்கீல் ஒருவர், நிலத் தகராறு ஒன்றின் பழைய வாக்குமூலங்களை யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொன்னார். திங்கட்கிழமை அப்பீலுக்கு வேண்டும். எல்லாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய ஃபாண்டில் அடித்தவை. இணையத்தில் கிடைத்த கன்வெர்ட்டரில் போட்டேன். தமிழ் சரியாக வந்தது. ஆனால் சர்வே எண்களோடு ஆங்கிலத்தில் இருந்த உட்பிரிவு எழுத்துகளையும் அது தமிழாக்கி வைத்திருந்தது. ஓர் எழுத்து மாறினால் வயலே மாறிவிடும்.

வேர்டில் இந்த மாற்றத்தைத் தானாகச் செய்யும் நிரலான மேக்ரோ எழுதத் தெரிந்தவரைத் தேடினேன். முதலில் வந்த இளைஞர் ஃபைலைத் திறக்காமலே, "இதெல்லாம் ஒரு மேட்டரே இல்லண்ணே" என்றார். அந்தத் தைரியமே எனக்குப் பயமாக இருந்தது. அடுத்து, கீழக்குயில்குடியில் வீட்டிலிருந்தபடி இதே வேலை செய்யும் ஒரு பெண் வந்தார்.

"எழுத்த மட்டும் பாத்து மாத்துனா தப்பாத்தாண்ணே போகும். அது எந்த ஃபாண்ட்ல இருக்குன்னும் பாக்கணும்."

வக்கீலிடம் கேட்டுக்கொண்டுதான் அந்தப் பெண்ணிடம் ஃபைலைக் கொடுத்தேன். "ஒரு பக்கம் வெளிய போச்சுன்னாலும் ஒன்னையத்தான் கேப்பேன்" என்றார் வக்கீல்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணின் போன் அணைந்திருந்தது. மாலை வரை போட்டுப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வீடு பூட்டியிருந்தது.

"பிள்ளைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காக" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

ஆஸ்பத்திரியில் போய் ஃபைல் கேட்க முடியுமா? திரும்பிவிட்டேன். அந்த இளைஞருக்குப் போன் போட்டு, அவர் எடுக்கும் முன்பே துண்டித்தேன்.

மறுநாள் மதியம் அந்தப் பெண்ணே லேப்டாப்போடு வந்து நின்றார். ஃபைல் என்னாயிற்று என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "பிள்ளைக்கு எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"எறங்கிருச்சுண்ணே. சார்ஜ் தீந்துபோச்சு, சொல்ல முடியல. மேக்ரோ ஓடிருச்சு. ஆனா அடிக்குறிப்புகள அது தொடல. அப்படியே குடுத்துராதீங்க, உக்காந்து வாசிச்சுருவோம்."

பழைய அச்சுப்பிரதியை நான் சத்தமாக வாசிக்க, அவர் திரையில் சரிபார்த்தார். உட்பிரிவு எழுத்து வரும்போதெல்லாம் இரண்டு தடவை வாசித்தேன். விடுபட்ட அடிக்குறிப்புகளை அவர் கையாலேயே அடித்தார்.

திங்களன்று கொடுத்துவிட்டேன். அதன்பிறகும் வக்கீலின் எண் போனில் தெரியும்போதெல்லாம், எந்த எழுத்து மாறிப்போயிருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேதான் எடுப்பேன். ஒருநாள் எடுத்ததும் சொன்னார்: "இன்னும் அம்புட்டு ஃபைல் கெடக்கு. அந்தப் பொண்ணையே வரச் சொல்லு."

ஒரு செம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.