ஆறாவது மாடி இன்னும் இறங்கவில்லை

காலை ஒன்பது மணிக்கு எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு வந்தால், ஊரிலுள்ள மூட்டுவலி மொத்தமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். மூன்று பேர் உட்காருகிற பெஞ்சு. நாங்கள் ஏழு பேர் உட்காருவோம். யாராவது தும்மினால் ஓரத்திலிருப்பவர் ரோட்டில் கிடப்பார்.

எங்களுக்கு ‘ஒன்பதரைக் கூட்டம்’ என்று பெயர். வயதானவர்களுக்கு இலவச பாஸ் கொடுத்தவர்கள், கொடுத்த கையோடு ஒரு முட்டுக்கட்டையும் போட்டார்கள். ஒன்பதரைக்கு முன்னால் அது செல்லாது. அதுவரை பஸ் வேலைக்குப் போகிறவர்களுக்காம். செல்லாது என்று தெரிந்தும் ஏன் ஒன்பதுக்கே வருகிறோம் என்று கேட்கலாம். வீட்டில் இருந்தால் பெருக்குகிறவர்கள் காலைத் தூக்கச் சொல்வார்கள். இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

பஸ்ஸில் ஏறும்போது டிரைவர் பக்கத்து மெஷினில் கார்டைத் தட்ட வேண்டும். அதற்குள் ஒரு பொம்பளைக் குரல் இருக்கிறது. தேனில் மூன்று வருடம் ஊறவைத்த குரல். ஒன்பதரைக்கு முன்னால் தட்டினால், “உங்கள் நேரம் இன்னும் வரவில்லை” என்று சொல்லும். ஒன்பதரைக்குப் பிறகு தட்டினால், “உங்கள் நேரம் வந்துவிட்டது.” இறங்கும்போது பின்கதவு மெஷினில் தட்டினால், “உங்கள் பயணம் முடிந்தது.”

இதை மாற்றச் சொல்லிப் போக்குவரத்து ஆபீசுக்கே போனோம். அங்கிருந்த அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது.

“தம்பி, எழுபத்தஞ்சு வயசுக்காரன்கிட்ட போய் ‘உங்கள் நேரம் வந்துவிட்டது’ன்னு சொன்னா நெஞ்சு தாங்குமா?”

“அது ஒன்பதரைக்கு மேலதானே சொல்லுது? ரூல்ஸ்படிதான் சொல்லுது” என்றார் அவர். திரும்பி வந்தோம்.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் லிஃப்ட்டுக்காரர். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் முப்பத்தாறு வருடம் லிஃப்ட் ஓட்டினார். ஓட்டிய தூரத்தைச் சேர்த்து வைத்தால் நிலாவுக்கு இரண்டு தடவை போய் வந்திருக்கலாம், ஆனால் கடைசி வரைக்கும் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகவில்லை என்பார். அவருடைய சம்சாரம் அதே கட்டடத்தில் ஆறாவது மாடி ஆபீசில் டைப் அடித்தவர். இரண்டு வருடம் தினமும் அவரை ஏற்றி இறக்கியிருக்கிறார். அந்த இரண்டு வருடமும் அந்த அம்மாவிடம் லிஃப்ட்டுக்காரர் பேசிய ஒரே வார்த்தை ‘ஆறு’தானாம். கல்யாணம் ஆகி நாற்பத்தெட்டு வருடமாகியும் மனைவியை ‘ஆறு’ என்றுதான் கூப்பிடுவார். எங்களுக்கு அந்த அம்மா ‘ஆறாவது மாடி’.

லிஃப்ட்டுக்காரரிடம் ஒரு பழக்கம் உண்டு. மேலே போகலாமா என்று யாரிடமும் கேட்க மாட்டார். மூணு, அஞ்சு, ஏழு என்று மாடி நம்பரைத்தான் சொல்வார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வயதான கணக்கரிடம், “மேல போலாமா சார்?” என்று கேட்டாராம். போலாம்ப்பா என்றவர் நாலாவது மாடிக்கு வருவதற்குள் நின்றபடியே போய்விட்டார். அதிலிருந்து அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. நாங்கள் வேண்டுமென்றே, “என்ன தலைவரே, மேல போலாமா?” என்போம். அவர் குடையைத் தூக்கிக்கொண்டு அடிக்க வருவார்.

இந்தச் சிரிப்பெல்லாம் பாட்டு டீச்சர் விஷயம் நடக்கும் வரைக்கும்தான்.

அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ்ஸில் ஏறினாலும் டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கிற சீட்டில்தான் உட்காருவார். ஒருநாள் ஒன்பது பன்னிரண்டுக்கு வந்த பஸ்ஸில் விளையாட்டாகக் கார்டைத் தட்டினார். “உங்கள் நேரம் வந்துவிட்டது” என்றது மெஷின். பதினெட்டு நிமிஷம் முன்னாலேயே! எங்களுக்கு வயிறு எரிந்தது. அவர் ஜன்னல் வழியே ராணி மாதிரி கையை ஆட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் சேதி வந்தது. மத்தியானம் தூங்கினவர் எழுந்திருக்கவில்லை.

சரி, வயசாச்சு என்று தேற்றிக்கொண்டோம். அடுத்த மாசம் பல்செட்டு. அவர் ரிட்டையர்டு வாட்ச்மேன், பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். ஒன்பது இருபதுக்குத் தட்டினார். நேரம் வந்துவிட்டது என்றது. மூன்றாம் நாள் அந்தப் பல்செட்டைப் போட்டுக்கொள்ள ஆள் இல்லை.

அதற்கப்புறம் எங்களில் ஒருவரும் நேரத்துக்கு முன்னால் கார்டைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. ஒன்பது முப்பதுக்கு வருகிற பஸ்ஸைக்கூட விட்டுவிடுவோம். மெஷின் கடிகாரம் முன்னே பின்னே இருந்தால்? ஒன்பது நாற்பது பஸ் வரும்போது நடக்கிற மரியாதையைப் பார்க்க வேண்டும்.

“நீங்க மொதல்ல ஏறுங்க.”

“ஐயோ, நீங்க பெரியவரு, நீங்க ஏறுங்க.”

“யாரு பெரியவரு? உன்னைவிட ரெண்டு மாசம் சின்னவன்யா நான்!”

இப்படி இருக்கும்போது ஆறாவது மாடிக்குப் பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எங்கள் பஸ் போய் நிற்கிற கடைசி நிறுத்தம் அந்த ஆஸ்பத்திரிதான். பெண்கள் வார்டு என்பதால் மருமகள் கூட இருந்தாள். ஆபரேஷன் மத்தியானம் பன்னிரண்டுக்கு. பதினொன்றுக்குள் வந்துவிடுவேன், என்னைப் பார்க்காமல் உள்ளே போகக் கூடாது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார் லிஃப்ட்டுக்காரர். அந்த அம்மாவுக்கு நெஞ்சும் கொஞ்சம் பலவீனம். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரே இழுத்து இழுத்துத்தான் சம்மதித்திருந்தார்.

அன்றைக்குக் காலையில் நல்ல மழை. எட்டே முக்காலுக்கு நாங்கள் நாலு பேர் நிறுத்தத்தில் ஒண்டிக்கொண்டிருந்தோம். லிஃப்ட்டுக்காரர் குடைகூட இல்லாமல் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“மருமக போன் பண்ணுச்சு. ஆபரேஷன ஒம்பதரைக்கு மாத்திட்டாங்களாம். அவ என்னைப் பாக்காம தியேட்டருக்குள்ள போக மாட்டேன்னு அடம் பிடிக்கிறாளாம். வாடகை வண்டி ஒண்ணும் நிக்க மாட்டேங்குதுய்யா.”

பஸ் வந்தது. எட்டு ஐம்பது. டிரைவரிடம் கெஞ்சி ஏறிக்கொள்வது என்றுதான் படியில் கால் வைத்தார். ஆனால் கை பழகிய கை. அது பாட்டுக்குப் பையிலிருந்து கார்டை உருவி மெஷினில் தட்டிவிட்டது.

“உங்கள் நேரம் வந்துவிட்டது.”

மழைச் சத்தத்திலும் அது எங்கள் நாலு பேர் காதிலும் விழுந்தது. அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். நான், “எறங்குய்யா!” என்று கத்தினேன். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் தண்ணீரில் கரைகிற மாதிரிப் போனது. பெஞ்சில் அவர் வழக்கமாக உட்காருகிற இடத்தில் நாங்கள் ஒருவரும் உட்காரவில்லை.

இனி பஸ்ஸுக்குள் நடந்தது அவர் எனக்குச் சொன்னது. மற்ற விஷயத்தில் அவர் நூறு சொன்னால் நான் தொண்ணூறைத் தள்ளுபடி செய்வேன். இதில் எதையும் தள்ளவில்லை.

உள்ளே மூச்சு விட இடமில்லாத கூட்டம். வேலைக்குப் போகிறவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். ஆனால் டிரைவருக்குப் பின்னாலிருந்த இரட்டை சீட் மட்டும் காலி. பக்கத்தில் ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏம்மா, எடம் இருக்கே, உக்காரக் கூடாதா?”

“ஆள் இருக்காங்களே தாத்தா” என்றாள் அவள், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

இவர் கேட்கிற நிலைமையில் இல்லை. ஓரமாக உட்கார்ந்தார். பக்கத்து சீட்டில் கை வைத்தார். இப்போதுதான் ஒருவர் எழுந்து போன மாதிரிச் சூடாக இருந்தது.

என் நேரம் வந்துவிட்டது, பரவாயில்லை, ஆறுவைப் பார்த்துவிட்டுப் போனால் போதும் என்று நினைத்துக்கொண்டார். கையிலிருந்த கார்டைப் பார்த்தார்.

கார்டில் இருந்தது அவர் முகம் இல்லை. மனைவி முகம்.

இரண்டு பேர் கார்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டு வைத்திருப்பார். இரண்டும் சேர்ந்தால் மெஷின் குழம்பும் என்று ஒவ்வொரு தடவையும் தன்னுடையதை மட்டும் உருவித் தட்டுவார். அந்த அவசரத்தில் மாறிவிட்டது.

அப்படியென்றால் மெஷின் யாரிடம் பேசியது?

கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனார். தன் கார்டை எடுத்துத் தட்டினார். “உங்கள் நேரம் இன்னும் வரவில்லை.” மறுபடி தட்டினார். வரவில்லை. துடைத்துத் தட்டினார், திருப்பித் தட்டினார். வரவில்லை, வரவில்லை.

“பெரியவரே, அதான் ஏறிட்டீங்களே. எதுக்கு அதப் போட்டு அடிக்கிறீங்க?” என்றார் டிரைவர்.

“தப்பான கார்ட எடுத்துக்கிச்சுப்பா. அத விட்டுட்டு இத எடுத்துக்கச் சொல்லுப்பா.”

“அதெல்லாம் மாத்த முடியாது. ஏறினது ஏறினதுதான். எறங்குறப்போ பின்னாடி அதே கார்டத் தட்டுங்க, முடிஞ்சிடும்.”

“என்ன முடிஞ்சிடும்?”

“பயணந்தான். வேற என்ன?”

ஒன்பது இருபத்திரண்டுக்குக் கடைசி நிறுத்தம் வந்தது. எல்லோரும் பின்கதவு மெஷினில் தட்டித் தட்டி இறங்கினார்கள். முடிந்தது, முடிந்தது, முடிந்தது என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. இவர் முறை வந்தது. கார்டைச் சட்டைக்குள் பனியனுக்கும் உள்ளே திணித்தார். அதன்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு, மெஷினைத் தொடாமல் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினார்.

“தாத்தா, தட்டலையே!” என்று பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். பெண் குரல். நல்ல பாட்டுக் குரல். திரும்பிப் பார்க்காமல் ஓடினார்.

ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி லிஃப்ட் வாசலில் நின்றிருந்தது. பாதி மயக்கத்தில் இருந்தார் அம்மா. மருமகள் அழுதுகொண்டிருந்தாள்.

“வந்துட்டீங்களா மாமா! அத்தை, மாமா வந்துட்டாங்க பாருங்க.”

வார்டு ஆள் லிஃப்ட் கதவைத் திறந்து சிரித்தான். “வந்தாச்சுல்ல பாட்டி? அப்ப மேல போலாமா?”

“யோவ்!” என்று லிஃப்ட்டுக்காரர் போட்ட சத்தத்தில் அடுத்த வார்டில் இருந்த நோயாளிகள் பாதிப் பேருக்கு நோய் குணமாகியிருக்கும். “தியேட்டர் எத்தனாவது மாடி?”

“ஆ... ஆறு சார்.”

“அப்ப ஆறுன்னு சொல்லுய்யா!”

அம்மா கண்ணைத் திறக்காமலே லேசாகச் சிரித்தார். லிஃப்ட்டுக்காரர் உள்ளே நுழைந்து, வார்டு ஆளின் கையைத் தட்டிவிட்டு, தானே பொத்தானை அழுத்தினார். “ஆறு” என்றார்.

ஆபரேஷன் நடுவில் நெஞ்சு ஒரு தடவை நின்றுவிட்டதாகவும், கொஞ்ச நேரம் போராடித் திரும்பக் கொண்டுவந்ததாகவும் டாக்டர் பிறகு சொன்னார். அவ்வளவு நேரமும் இவர் வெளியே பனியனுக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தார்.

அம்மாவுக்குச் சாயங்காலம் நினைவு வந்தது. முதலில் தண்ணீர் கேட்டார். அப்புறம், “ஏங்க, ஒரு கனவு” என்றார். “நான் பஸ்ல போறேன். பாட்டு டீச்சர் எனக்குன்னு சீட்டு பிடிச்சு வச்சிருக்காங்க. யாரோ ஒரு கிறுக்கன் முன்னாடி மெஷினப் போட்டுத் தட்டிக்கிட்டே இருக்கான், காது போயிடுச்சு. அப்புறம் எறங்குற எடம் வந்துச்சு. எல்லாரும் எறங்கிட்டாங்க. டீச்சர் கீழ நின்னு வா வான்னு கூப்பிடுறாங்க. தட்டலாம்னு பாத்தா கையில கார்டு இல்ல. கார்டு இல்லாம எறங்க முடியாதும்மான்னு டிரைவர் கதவ மூடிட்டாரு.”

லிஃப்ட்டுக்காரர் அந்தக் கிறுக்கன் யாரென்று சொல்லவில்லை.

இரண்டு மாசம் கழித்து அந்த அம்மாவை நிறுத்தத்துக்கு அழைத்து வந்தார். பெஞ்சில் அவருக்கு இடம் விட்டு நாங்கள் நாலு பேர் எழுந்து நின்றோம். ஒன்பது நாற்பது பஸ் வந்தது. லிஃப்ட்டுக்காரர் ஏறித் தட்டினார். நேரம் வந்துவிட்டது என்றது, வழக்கம் போல. லிஃப்ட்டுக்காரர் வீட்டில் ஒளித்து வைத்திருந்த தன் கார்டைத் தேடி எடுத்து வந்திருந்த அம்மா, அதைத் தட்டினார்.

அந்தத் தேன் குரல் நாங்கள் அதுவரை கேட்காத ஒன்றைச் சொன்னது. “நீங்கள் ஏற்கெனவே பயணத்தில் இருக்கிறீர்கள்.”

டிரைவர் திரும்பி, பின்னாலிருந்த காலி சீட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “பாட்டி, என்னைக்கோ எறங்குறப்போ தட்டாம விட்டிருக்கீங்க. ஆபீஸ்ல கொடுத்தா ரெண்டு நிமிஷத்துல முடிச்சுக் கொடுப்பாங்க.”

“முடிக்க வேண்டாம்” என்றார் லிஃப்ட்டுக்காரர்.

“அட, இவரு ஒருத்தரு! அப்ப நான் எப்பத்தான் எறங்குறது?” என்று அம்மா சிரித்தார்.

“எறங்காத ஆறு. அது பாட்டுக்குச் சுத்தட்டும்.”

அவர் அந்த ஆபீசுக்கு இன்றுவரை போகவில்லை. மனைவிக்கு எல்லோரும் வாங்குகிற சாதாரண கார்டு வாங்கிக் கொடுத்துவிட்டார். பழைய கார்டு இப்போது மறுபடி அவர் பனியனுக்குள்தான் இருக்கிறது, வியர்வையில் அம்மாவின் முகம் பாதி அழிந்துவிட்டது. அந்த அம்மா எட்டு மணி பஸ்ஸில்கூட ஜம்மென்று போய் வருகிறார். நாங்கள் கிண்டல் செய்வதில்லை. டிரைவருக்குப் பின்னாலிருக்கிற சீட்டிலும் உட்காருவதில்லை. எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் அதில் ஜன்னலோரம் மட்டும் காலியாகவே இருக்கிறது. கேட்டால், ஆள் இருக்கிறார்கள் என்கிறார்கள்.