என் பங்குக்கு வந்த துடக்கு

நான் வயலின் வாசித்துப் பிழைக்கிறவள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் சம்பளக்காரி இல்லை, எந்தக் குழுவிலும் சேர்த்தி இல்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போவேன். ஆவணி விடுமுறைக்குக் கனடாவிலும் லண்டனிலுமிருந்து அரங்கேற்றம் செய்யவென்று பிள்ளைகளைக் கொண்டு வந்து இறக்குவார்கள். அந்தப் பிள்ளை சுருதியை விட்டு மதிலேறிக் குதித்தால், நான் பின்னால் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். கைதட்டு பிள்ளைக்கு. கலியாண மண்டபங்களில் ரோல்ஸ் கடித்தபடி காணி விலை கதைக்கிற சனத்துக்கு வாசிப்பேன். வீடியோக்காரன் வந்து, "அக்கா, கொஞ்சம் அங்காலை தள்ளி இருங்கோ, பொம்பிளை வாற நேரம் நீங்கள் மறைக்கிறியள்" என்பான். தள்ளி இருப்பேன். கொழும்புத்துறைப் பக்கம் மாதா கோயில் பெருநாளுக்கு வாசித்தால் மட்டும் சனம் வாயை மூடிக்கொண்டு கேட்கும். அதுவும் பாதர் முறைப்பார் என்ற பயத்தில்தான்.

பதினெட்டு வருடம் இப்படிப் பக்கவாத்தியமாகவே போனது. பக்கவாத்தியக்காரிக்கு நோட்டீசில் பெயர் கடைசி வரியில், பொடி எழுத்தில் வரும். சில இடங்களில் "பக்கவாத்தியக் கலைஞர்கள்" என்று மொத்தமாகப் போட்டு முடித்துவிடுவார்கள். எனக்கு எரியும். ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது?

போன வருடம்தான் எங்கள் ஊர்க் கோயில் மனேச்சருக்கு என்ன புத்தி வந்ததோ, திருவிழாவில் ஒரு இரவை எனக்கே தந்தார். தனி வயலின் கச்சேரி. பாட்டுக்காரி இல்லை, டான்ஸ் இல்லை, நான்தான் நடுவில். எங்கள் வீடு வட்டுக்கோட்டைப் பக்கம், கோயிலுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு வயல்வெளிதான். சந்தி மதிலில் நோட்டீஸ் ஒட்டியிருந்ததை அம்மா மரக்கறி வாங்கப் போகும் சாட்டில் நாலு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தா.

என்னைவிட அம்மாவுக்குத்தான் அந்தக் கச்சேரி வேண்டியிருந்தது. எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பா எங்களை விட்டுவிட்டுச் சாவகச்சேரியில் இன்னொரு குடும்பத்தோடு போயிருந்துவிட்டார். அங்கே நீதிமன்றத்தில் கிளாக்கர் வேலை. அன்று தொடங்கி அம்மா கோயிலில் முன்னுக்குப் போனதில்லை. நல்ல காரியத்தில் முன்னுக்கு வர வேண்டாம் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. கண்ணால் சொல்வார்களே, அது காணாதா? கடைசித் தூணோடு நின்று கும்பிட்டுவிட்டு வருவா. கச்சேரி சரி வந்த அன்று, "வாசிக்கிறவளின்ரை தாய் முன் வரிசையிலை இருக்கலாம்தானே? ஒருத்தரும் எழுப்பேலாது" என்று கேட்டா. "எழுப்பினா நான் வில்லாலை அடிப்பன்" என்றேன். அம்மா வாய்விட்டுச் சிரித்தா.

கச்சேரி அன்று காலை தந்திகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தால், ஒரு ஆண் குரல், தான் இன்னார் என்று சொன்னது. அப்பாவின் மற்றக் குடும்பத்து மகன். அதுவரை அவனுடைய குரலையே நான் கேட்டதில்லை.

"அப்பா விடியப்புறம் காலமாயிட்டார். நாளைக்குக் காலமை எடுக்கிறம். நீங்கள் வர வேணுமெண்டில்லை, எங்கடை அம்மாவும் விரும்பேல்லை. ஆனா இண்டைக்குக் கோயில்லை வாசிக்கப் போறியளாம், பேஸ்புக்கிலை பாத்தனான். துடக்கோடை மேடையிலை ஏறாதையுங்கோ. அந்தப் பாவம் எங்கடை வீட்டுக்குத்தான் வரும்."

சாவுத் தீட்டைத்தான் நாங்கள் துடக்கு என்கிறோம். தகப்பன் செத்தால் முப்பத்தொரு நாள் கோயில் வாசல் மிதிக்க முடியாது. செத்த வீட்டுக்கு வர வேண்டாம், ஆனால் துடக்கை மட்டும் ஒழுங்காகக் காக்க வேண்டும்! என்ன கொழுப்பு! நான் வாயைத் திறக்க முன்னம் அவன் தொலைபேசியை வைத்துவிட்டான்.

அம்மா குசினி வாசலில் நின்றா. கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறா. கண் கலங்கவில்லை. கிட்ட வந்து மெதுவாகச் சொன்னா:

"பிள்ளை, காதிலை விழுந்தாத்தான் துடக்கு. வெளிநாட்டிலை செத்தா, செய்தி வாற வரைக்கும் ஆர் துடக்குக் காக்கினம்? நான் ஒண்டும் கேக்கேல்லை. நீயும் கேக்கேல்லை. இரவு வாசிச்சு முடி. விடியக் கேட்டதெண்டு வைப்பம்."

"கேட்டிட்டனே அம்மா."

"அந்தாள் செத்ததைக் கேக்காமல் விட்டா உன்ரை காது ஒண்டும் குறைஞ்சு போகாது. என்னைப் பார். நான் கேட்டனானோ?"

அப்படி ஒரு முகத்தை நான் அம்மாவில் கண்டதேயில்லை. எனக்கு அவ்வளவும் சரியென்றே பட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக எங்களை ஏனென்று எட்டிப் பாராத மனிதனுக்காக நான் எதற்கு ஒரு இரவை இழக்க வேண்டும்? சரி என்று தலையாட்டினேன். வயலினை மடியில் எடுத்து வைத்துச் சுருதி சேர்த்தேன்.

பத்து மணிக்குப் படலையடியில் மோட்டார் சைக்கிள் நின்றது. மனேச்சர். வழக்கமாக முற்றம் வரை வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடிக்கிற மனிதர், அன்று படலைக்கு வெளியே றோட்டிலேயே நின்றார். அதைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"பிள்ளை, சாவகச்சேரியிலையிருந்து ஒரு பெடியன் எனக்கும் அடிச்சுச் சொல்லிப்போட்டான்" என்றார்.

"அவர் எங்களோடையா ஐயா இருந்தவர்? உங்களுக்கு எல்லாம் தெரியும்தானே."

"தெரியும். ஆனா ரத்தம் ரத்தம்தானே, பிள்ளை. நான் விட்டாலும் ஐயர் விடமாட்டார். அடுத்த முறை கட்டாயம் உமக்குத்தான்."

அம்மா குறுக்கே விழுந்தா. "அந்தாள் விட்டிட்டுப் போகேக்கை இந்த ரத்தம் எங்கை போனது? நானும் பிள்ளையும் கூழும் இல்லாமல் கிடக்கேக்கை ஆரும் வந்து ரத்தம் எண்டு சொன்னனீங்களோ?"

மனேச்சர் மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். என்னைப் பார்த்து, "வேறை ஆக்களை ஒழுங்குபடுத்திப்போட்டன், நீர் யோசிக்காதையும்" என்று ஆறுதல் போலச் சொல்லிவிட்டுப் போனார்.

இரவு வயல்வெளியைத் தாண்டி ஒலிபெருக்கி கேட்டது. கீபோர்ட் வைத்த இசைக்குழு, பக்திப் பாட்டு என்ற பெயரில் சினிமா மெட்டு. ஆள் நல்லாத்தான் கூடியிருந்தது போல, விசிலடித்தார்கள். அம்மா யன்னல்களைச் சாத்திவிட்டுப் படுத்தா.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் மறுபடியும் அவன் அடித்தான். இந்த முறை குரலில் சீனி.

"அக்கா, நாளைக்கு நீங்கள் வாங்கோ. வயலினையும் கொண்டாங்கோ. கனடாவிலை எங்கடை ஆக்கள் கனபேர் லைவ்விலை பாக்கினம். நீங்கள் பெரிய ஆட்டிஸ்ட் எண்டு அங்கையிருக்கிற என்ரை மச்சான் சொன்னவர். இரண்டு தேவாரம் வாசிச்சா அப்பாவுக்கும் ஒரு மரியாதைதானே?"

காலையில் நான் தேவையில்லை. இரவில் அக்கா. வாறன் என்றேன். எனக்குள்ளே வேறொரு நினைப்பு ஓடியது. துடக்கு எனக்கு என்றால் செத்தவரும் எனக்குத்தானே? போய்த் தலைமாட்டில் நின்று, மகள் நான் என்று வாய்க்கரிசி போட்டுவிட்டு வருவோம், அந்த உரிமையையாவது வாங்குவோம் என்று நினைத்தேன். விடிய எழும்பி வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டபோது அம்மா மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தா.

சாவகச்சேரிச் செத்த வீட்டில் பெரிய பந்தல், வாடகைக் கதிரைகள், ஒழுங்கை நெடுக வெள்ளைக்கொடி. பறைமேளம் ஒரு பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. அந்த மகன் என்னைப் படலையடியிலேயே மறித்தான். ஆள் நெடுவல், என்னைவிடப் பத்துப் பதினொரு வயது இளையவன், மூக்கு அப்படியே என் மூக்கு. எரிச்சலாக இருந்தது.

"அக்கா, ஒண்டு சொல்லோணும், குறை நினைக்காதையுங்கோ. வாய்க்கரிசிக்கு வந்து நிக்க வேண்டாம். லைவ் போகுது. அப்பாவின்ரை முதல் குடும்பத்துக் கதை அங்கை கனபேருக்குத் தெரியாது. வாசிச்சிட்டு அந்தக் கதிரையிலை இருங்கோ, சோடா குடிக்கலாம்."

சோடா!

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு பாய் விரித்து, மைக் வைத்திருந்தார்கள். சால்வைக்காரர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "இப்போது பிரபல வயலின் கலைஞர் ஒருவர் அன்னாருக்கு இசை அஞ்சலி செலுத்துவார்" என்றார். மகள் என்ற சொல் இல்லை. பறைமேளத்தை நிறுத்தினார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பவுடர் பூசி, மூக்கில் பஞ்சு வைத்து, கோட்டுப் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அவருடைய பெண்சாதி தலைமாட்டில் இருந்து, "என்ரை ராசா, கடைசிவரைக்கும் என்னை விட்டுப் போகமாட்டன் எண்டியளே" என்று குழறிக்கொண்டிருந்தா. அதைக் கேட்டதும் தேவாரமாவது மண்ணாங்கட்டியாவது என்று ஆகிவிட்டது.

வில்லைப் போட்டேன். ஹம்சத்வனி. கச்சேரி தொடங்குகிற பிள்ளையார் பாட்டு, துள்ளிக்கொண்டு போவது. முந்தின இரவு கோயிலில் வாசிக்கவிருந்த முதல் உருப்படி அதுதான்.

சனத்துக்கு முதலில் பிடிபடவில்லை. முன்னால் இருந்த வயதான மனிதர் ஒருவர் பழக்கதோஷத்தில் தொடையில் தாளம் போடத் தொடங்கி, எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார். பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். மகன் என் பின்னால் வந்து குனிந்து, "அக்கா, உதில்லை, தேவாரம், தேவாரம்" என்றான். நான் வேகத்தைக் கூட்டினேன். "காணும், நிப்பாட்டுங்கோ" என்றான். வீடியோக்காரன் பாவம், நல்ல காட்சி என்று நினைத்தோ என்னவோ, கிட்ட வந்து என் விரல்களைப் படம் பிடித்தான். லைவ்வில் மைக்கைப் பிடுங்குவது எப்படி என்று மகனுக்குத் தெரியவில்லை. நான் என் வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. சுரம் ஒவ்வொன்றும் நினைத்த இடத்தில் போய் இருந்தது. எந்தப் பாட்டுக்காரிக்கும் பின்னால் ஓட வேண்டியிருக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மங்களம் வாசித்தேன்.

கலியாண வீட்டிலும் கச்சேரி முடிவிலும் மட்டும் வாசிக்கிறதைப் பிணத்தின் தலைமாட்டில் வாசித்தேன். "ஐயோ, மங்களம் வாசிக்கிறாளடி!" என்று ஒருத்தி கத்தினா. பெண்சாதி குழறலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. நான் யாரென்று அந்த நேரம்தான் அவவுக்கு விளங்கியிருக்க வேண்டும். அவ முகம் செத்தவரின் முகத்தைவிட வெளிறிப் போனது. எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இனித்தது. முடித்து, வயலினை அதன் பெட்டிக்குள் வைத்து மூடி, யாரும் தொட முன்னம் எழும்பி நடந்தேன். பின்னால் அவன் திட்டியது மறுபடி தொடங்கிய பறைமேளத்தில் அமுங்கிப் போனது.

யாழ்ப்பாணப் பஸ் கைதடி தாண்டும்போது மனேச்சர் அடித்தார். "என்ன விசர் வேலை பாத்திருக்கிறீர்? ஊர் முழுக்க வீடியோ போகுது. செத்த வீட்டிலை மங்களம் வாசிச்ச கை, இனி எங்கடை கோயில் மேடைக்குச் சரிவராது. அடுத்த முறையெண்டு சொன்னதையும் மறந்துபோடும்." நான் சரி ஐயா என்றேன். அந்தச் சந்தோசம் இன்னும் இறங்கவில்லை. போனால் போகட்டும், அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும், பழி வாங்கிவிட்டேன் என்று சொல்ல வேண்டும் என்றுதான் பஸ்ஸுக்குள் குந்தியிருந்தேன்.

செத்த வீட்டால் வந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போகலாம். நேரே கிணற்றடிக்குப் போனேன். அம்மா அங்கே துவாயோடு நின்றா. கண் இரண்டும் வீங்கியிருந்தன. முதல் நாள் செத்த செய்திக்கு அழாதவ.

"பாத்தீங்களோ அம்மா?" என்றேன்.

"லண்டனிலையிருந்து உன்ரை சித்தி அனுப்பினவள். பாத்தனான்." துவாயைக் கிணற்றுக்கட்டில் வைத்தா. "முழுக்கப் பாத்தனான்."

"அவைக்கு நல்ல பாடம், என்ன?"

அம்மா வாளியை உள்ளே விட்டு, ஒரு வாளி தண்ணீர் அள்ளி என் தலையில் ஊற்றினா.

"உன்ரை முதல் கச்சேரி. முன்னுக்கு இருந்து நான் கேக்க இருந்தது. வேறை ஆருக்கு வாசிச்சிருந்தாலும் பரவாயில்லை. அதையும் கொண்டுபோய் அந்தாளுக்குக் குடுத்திட்டு வந்திருக்கிறாய்."

நான் நனைந்தபடி நின்றேன். அம்மா இன்னொரு வாளி அள்ளினா.

"நல்லாத்தான் வாசிச்சாய். அதுதான் எனக்குப் பொறுக்கேல்லை."